குனிந்து காண வேண்டிய அடையாளம்



அண்மையில் ஒரு நாள் ஜினாலயத்தில் அபிடேகமும் பூசையும் நிறைவுற்றபின் யாவரும் வலம்வந்து கொண்டிருந்தோம். 24 தீர்த்தங்கரர்களும் வரிசையாக எழுந்தருளியுள்ள திருமேனிகளின் முன் ஒரு சிறுமி நின்றுவிட்டாள். ஏழெட்டு வயதிருக்கும். தன் பாட்டியின் முந்தானையைப் பற்றிக்கொண்டு, “பாட்டி! எல்லாச் சாமிக்கும் ஒரே முகமாக இருக்கிறதே! யார் ஆதிநாதர், யார் மகாவீரர் என்று எப்படித் தெரியும்?” என்று கேட்டாள். “எல்லாம் ஒன்றுதான், கும்பிட்டுக்கொள் கண்ணு” என்று கூறிப் பாட்டியார் அவளை அழைத்துச் சென்றுவிட்டார்.

பாட்டியார் கூறியது பிழையன்று. ஆயினும் அது பாதி விடையே. மறுபாதியையும் அறிந்துகொண்டால், கோயிலுக்கு வெளியேயும் நம் வாழ்வுக்கு அது பெரிதும் துணை செய்யும். ஆதலின் அச்சிறுமியின் வினாவையே இவ்விதழில் சிந்திப்போம்.

ஏன் ஒரே முகம்?

தீர்த்தங்கரர்கள் வாழ்ந்த காலத்தில் ஒரே உருவினராய் இருந்தார்கள் என்று நம் புராணங்கள் கூறவில்லை. ஆதிநாதரின் திருமேனி 500 வில் உயரம் என்றும், மகாவீரரின் திருமேனி 7 முழ உயரம் என்றும் கூறுகின்றன. சந்திரப்பிரபர் வெண்ணிறத்தவர், பத்மப்பிரபர் செந்நிறத்தவர். பிறந்த நகரும், பெற்றோரும், துறவுக்கு வந்த வழியும் வேறு வேறு. அங்ஙனமிருக்கச் சிற்பி ஏன் எல்லோருக்கும் ஒரே முகத்தைச் செதுக்கினான்?

அவன் செதுக்க முயன்றது உடலை அன்று, வீதராக நிலையை. உடலின் வடிவமும் நிறமும் உயரமும் நாமகர்மத்தின் பயன்கள். விருப்பும் வெறுப்பும் முகத்தில் கோடுகளை இடுகின்றன. சினந்த முகத்தில் நூறு வகை உண்டு. சினம் முற்றும் அற்ற முகம் ஒரே வகையினது. ஆசை கொண்டவன் முகம் அவன் ஆசைப்படும் பொருளுக்கேற்ப மாறும். ஆசை அற்றவர் முகம் மாற இடமில்லை. நம்மை ஒருவரினின்று ஒருவர் பிரித்துக் காட்டுவனவற்றுள் பல, நம்மைப் பிணித்திருப்பனவே. அவை கழன்ற இடத்தில் ஒப்புமை தோன்றுகிறது. ஆகவே “எல்லாம் ஒன்றுதான்” என்று பாட்டியார் கூறியது ஆழ்ந்த உண்மையாகும்.

செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றுக்குச் சென்றவர்கள் இதனைக் கண்ணாரக் கண்டிருப்பார்கள். அங்கே ஒரு பெரும் பாறையில் 24 தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசைகளில், வரிசைக்குப் பன்னிருவராக, அமர்ந்த கோலத்தில் புடைப்புருவங்களாக விளங்குகின்றனர். ஒருவரைக் கண்டால் அனைவரையும் கண்டது போன்றிருக்கும்.

ஆயினும் அடையாளம் உண்டு

அவ்வாறாயின் 24 பெயர்கள் எதற்கு? ஒவ்வொருவரும் ஒவ்வோர் உயிர். ஒவ்வொருவரும் தத்தம் முயற்சியால் வினை வென்றவர். ஒருவரின் வீடுபேறு மற்றொருவருடையதன்று. ஒப்புமை கருதி உயிர்களை ஒன்றாகக் கலந்துவிடுவது நம் கொள்கையன்று. ஆதலின் நம் முன்னோர் ஒவ்வொரு திருமேனிக்கும் ஓர் இலாஞ்சனத்தை அமைத்தனர். ஆதிநாதருக்கு எருது, அஜிதநாதருக்கு யானை, சம்பவநாதருக்குக் குதிரை, சந்திரப்பிரபருக்குப் பிறை, மல்லிநாதருக்குக் கலசம், முனிசுவ்ரதருக்கு ஆமை, நேமிநாதருக்குச் சங்கு, மகாவீரருக்குச் சிங்கம் என்பன போன்று அவை அமையும். ஆதிநாதருக்குத் தோளில் தவழும் சடைமுடியும் காட்டப்படுவதுண்டு.

இவற்றுள்ளும் மயங்குதற்கு இடமுண்டு. தலைமேல் நாகப்படம் கண்டவுடன் “பார்சுவநாதர்” என்று கூறிவிடுகிறோம். ஏழாம் தீர்த்தங்கரராகிய சுபார்சுவநாதருக்கும் நாகப்படம் உண்டு. பெரும்பாலும் சுபார்சுவருக்கு ஐந்து படங்களும், பார்சுவருக்கு ஏழு படங்களும் அமைப்பர்; முன்னவருக்கு இலாஞ்சனம் சுவஸ்திகம், பின்னவருக்குப் பாம்பு. நின்ற திருக்கோலத்தில் கால்களிலும் கைகளிலும் கொடி படர்ந்திருப்பின் அவர் தீர்த்தங்கரர் அல்லர், பாகுபலி சுவாமி. வயல்வெளியில் அமர்ந்த நிலையில் ஒரு பழைய சிலை கிடைத்தால், புத்தர் என்பாரும் முனீசுவரர் என்பாரும் உளர். ஆடையற்ற திருமேனியும் தலைமேல் முக்குடையும் இருப்பின் அவர் நம் அருகரே என்று அறியலாம்.

இங்கே ஒன்றைக் கருதுக. இலாஞ்சனம் முகத்திலோ மார்பிலோ பொறிக்கப்படவில்லை. பீடத்தில், மிகச் சிறியதாகப் பொறிக்கப்பட்டுள்ளது. நிமிர்ந்து நின்று முகத்தை மட்டும் நோக்குபவருக்கு அது தென்படாது. குனிந்தால்தான் தென்படும். அச்சிறுமிக்கு நாம் கூறவேண்டிய மறுபாதி விடை இதுவே: “முகம் ஒன்றுதான், கண்ணு; குனிந்து பீடத்தைப் பார்.”

ஒப்புமை பற்றி நம் நூல்கள்

ஒத்த பொருள்களை அறிவது எவ்வாறு என்பதை நம் ஆசாரியர்கள் நுட்பமாக ஆராய்ந்துள்ளனர். மாணிக்கநந்தி ஆசாரியரின் பரீட்சாமுகம் என்னும் அளவை நூல், பிரத்யபிஞ்ஞானம் என்னும் மீட்டுணர் அறிவைச் சில வகைகளாகப் பிரித்துக் காட்டுகிறது. முன் கண்ட ஒருவனை மீண்டும் கண்டு “அவனே இவன்” என அறிவது ஒன்று. காட்டில் ஆமாவைக் கண்டு “இது பசுவைப் போன்றது” என அறிவது மற்றொன்று. எருமையைக் கண்டு “இது பசுவின் வேறானது” என அறிவது பிறிதொன்று. “அதுவே இது” என்பதற்கும் “அதைப் போன்றது இது” என்பதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை மறந்தால் அறிவு பிறழும்.

பிறழும் வகைகளையும் மூன்றாகக் கூறுவர். தொலைவில் நிற்பது கட்டையோ மனிதனோ என்று ஊசலாடுவது ஐயம். சிப்பியை வெள்ளி என்றே துணிவது திரிபு. வழி நடக்கையில் காலில் புல் படும்போது “ஏதோ பட்டது” என்று கருத்தின்றிச் செல்வது தெளிவின்மை. இம்மூன்றனுள் ஐயத்தைவிடத் திரிபு கொடியது. ஐயமுற்றவன் கேட்பான், திரிபுற்றவன் கேட்கமாட்டான், தான் அறிந்துவிட்டதாக எண்ணுவதால்.

ஆசிரியப் பயிற்சியின்போது எமக்குக் கற்பித்த முறை ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒத்து ஒலிக்கும் சொற்களைத் தனித்தனியே கற்பிக்காமல் அருகருகே எழுதிக் காட்ட வேண்டும் என்பார்கள். அரம், அறம், மரம், மறம் எனக் கரும்பலகையில் இணையாக எழுதினால் பிள்ளையின் கண் தானே வேறுபாட்டைத் தேடும். பழைய ஓலைச்சுவடிகளில் இதனினும் பெரிய இடர்ப்பாடு உண்டு. மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபாடின்றி எழுதப்பட்டிருக்கும். ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். பொருள் அறிந்தவரே சரியாகப் படிக்க இயலும். உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும் முன், கும்பகோணத்துச் சமணப் பெரியோரிடம் சென்று சமயச் செய்திகளைக் கேட்டுத் தெளிந்தார்கள். ஏட்டை மட்டும் உற்றுநோக்கி அமைந்துவிடாமல், அறிந்தவரை அணுகிப் பணிந்து கேட்டமையால் தமிழுக்கு ஒரு பெருங்காப்பியம் பிழையறக் கிடைத்தது.

வகுப்பறையில் நேர்ந்த பிழை

இவ்வளவும் கற்பித்த யாமே ஒருமுறை தவறினோம். அதனை மறைப்பது அறமாகாது.

யாம் பணியாற்றிய ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் இரட்டைப் பெண்கள் இருவர் படித்தனர். உயரம், நிறம், குரல், நடை யாவும் ஒன்றே. மூத்தவளுக்கு இடப் புருவத்தின்மேல் ஒரு சிறு தழும்பு உண்டு. அது ஒன்றே வேறுபாடு. யாம் அதனை நன்கு அறிவோம். ஒருநாள் ஒரு மாணவியின் கணக்கு நோட்டை இவர்களுள் ஒருத்தி கிழித்துவிட்டதாக முறையீடு வந்தது. எமக்குச் சினம் மூண்டது. முன்னே நின்றவளைப் பிடித்து, “நீதானே?” என்றோம். அவள் வாய் திறக்கவில்லை. வாய் திறவாமையைக் குற்றத்தை ஒப்பியதாகக் கொண்டோம். பிற்பகல் முழுவதும் வெயிலில் நிற்கச் செய்தோம்.

மறுநாள் காலையில் மூத்தவள் அழுதுகொண்டு வந்து, “டீச்சர், கிழித்தவள் நான்” என்றாள். இளையவளை அழைத்து, “நீ ஏன் நேற்றே சொல்லவில்லை?” என்று கேட்டோம். “நான் இல்லை என்றால் அக்காவை வெயிலில் நிறுத்துவீர்களே, டீச்சர்” என்றாள்.

அன்று அவ்வகுப்பில் இருவர் மௌனமாக இருந்தனர். மூத்தவளின் மௌனம் அச்சம். இளையவளின் மௌனம் அன்பு. அதனை நாம் குற்றம் என்று படித்தோம். முகங்கள் மட்டுமல்ல, மௌனங்களும் ஒன்றுபோலவே இருந்தன. தழும்பு இருந்த இடத்தை அறிந்திருந்தும் ஏன் பார்க்கவில்லை? சினம் பார்க்க விடவில்லை. அறியாமையால் நேர்ந்த பிழையன்று அது. கஷாயத்தால் நேர்ந்த பிழை. வகுப்பின் முன்னிலையில் அக்குழந்தையிடம் மன்னிப்புக் கேட்டோம். ஆயினும் ஆண்டுதோறும் க்ஷமாவணி நாளில் எல்லா உயிர்களிடத்தும் பொறை வேண்டும்போது அம்முகமே முதலில் எம் நினைவில் எழுகிறது.

ஒன்றுபோல் தோன்றும் குணங்கள்

அன்பர்களே! குணங்களும் குற்றங்களும் இரட்டைப் பிள்ளைகளைப் போன்று தோன்றுவன. மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதமும் கஞ்சத்தனமும் வெளிக்கு ஒன்றுபோல் இருக்கும். இருவரும் எளிய ஆடை உடுப்பர். இருவரும் செலவைச் சுருக்குவர். ஆனால் ஒருவர் வீட்டு வாசலில் நிற்பவன் உணவு பெற்றுச் செல்வான். மற்றவர் வாசலில் நிற்பவன் வெறுங்கையுடன் செல்வான். பொறுமையும் கோழைமையும் ஒன்றுபோல் வாய்மூடி இருக்கும். சமபாவமும் பிறர் துன்பத்தைப் பொருட்படுத்தாமையும் ஒன்றுபோல் கலங்காதிருக்கும். வினை நீங்க நோற்கும் நோன்பும், ஊரார் புகழ நோற்கும் நோன்பும் ஒரே அளவு பசியைத் தரும். பயன் மட்டும் ஒன்றாகாது.

இவற்றைப் பிறரிடம் ஆராய்வதைவிட நம்மிடம் ஆராய்வதே சிறந்தது. பிறர் உள்ளத்தின் பீடத்தை நாம் எளிதில் காண இயலாது. நம்முடையதை நாள்தோறும் பிரதிக்கிரமணத்தின்போது காணலாம்.

விரதமா, வருத்தமா?

இனிக் கூறப்போவது முதியோர் உள்ள எல்லா இல்லங்களுக்கும் உரியது. யாமும் எழுபதைக் கடந்தவராதலின் தயக்கமின்றிக் கூறுகிறோம்.

2015ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் சல்லேகனையைத் தற்கொலைக்கு நிகராகக் கருதித் தீர்ப்பளித்தது. நாடெங்கும் நம்மவர் அமைதியாகத் திரண்டு வருத்தம் தெரிவித்தனர். அம்மாதம் 31ஆம் நாள் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்புக்குத் தடை விதித்தது. அந்நாளில் “இரண்டும் ஒன்றல்ல” என்று நாம் யாவரும் உரக்கக் கூறினோம். உண்மையே. ஆனால் எவ்வாறு ஒன்றல்ல என்பதை நம் இல்லங்களில் தெளிவாக அறிந்திருக்கிறோமா?

சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்திலும், அதன் வழித் தமிழில் அமைந்த அருங்கலச்செப்பிலும் சல்லேகனைக்கு உரிய காலம் வரையறுக்கப்பட்டுள்ளது. தடுக்க இயலாத பேரிடர், பஞ்சம், முதுமை, தீராப் பிணி ஆகியவை நேர்ந்து, அறம் காத்தற்கு வேறு வழியில்லாதபோது மேற்கொள்வது அது. முதலில் பற்றையும் பகையையும் விடவேண்டும். சுற்றத்தாரிடமும் ஏவலரிடமும் மன்னிப்புக் கேட்டு, தானும் மன்னிக்க வேண்டும். அதன்பின்னரே உணவைச் சிறிது சிறிதாகச் சுருக்குவது. தத்துவார்த்த சூத்திரம் இவ்விரதத்தின் அதிசாரங்களாக ஐந்தனைக் கூறுகிறது. இன்னும் வாழ வேண்டும் என்னும் அவா, விரைவில் சாக வேண்டும் என்னும் அவா, நட்டார்மீது பற்று, நுகர்ந்த இன்பத்தை நினைத்தல், மறுமைப் பயன் வேண்டல் என்பன அவை. இரண்டாவதை மீண்டும் நோக்குக. “சாக வேண்டும்” என்று விரும்பினாலே விரதம் பழுதுபடுகிறது! உண்ணாமை இரண்டிலும் ஒன்று. சாவை விரும்புதலும் விரும்பாமையுமே இவ்விரண்டையும் பிரிக்கும் இலாஞ்சனம்.

சமந்தபத்திரர் பஸ்மகம் என்னும் கொடும்பிணியால் வருந்தியபோது தம் குருவிடம் சல்லேகனைக்கு அனுமதி வேண்டினார் என்றும், குரு மறுத்துவிட்டார் என்றும் மரபுவழி வரலாறு கூறும். அறத்துக்கு அவர் ஆற்றவேண்டிய பணி எஞ்சியிருந்தது. கற்றுத் துறந்த பெருமுனிவர்க்கே அவர் தாமாக முடிவு செய்ய இடம் தரப்படவில்லை என்பதை நாம் நினைவில் கொள்ளவேண்டும். திருநாதர்குன்றில் 57 நாள் அனசனம் நோற்று உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகையைக் கல்வெட்டு இன்றும் நமக்குக் காட்டுகிறது. அத்தகைய மனத்திண்மைக்கு நாம் தலைவணங்குகிறோம்.

இனி நம் இல்லத்துக்கு வருவோம். ஒரு முதியவர், “எனக்கு உணவு வேண்டாம்” என்று தட்டை ஒதுக்குகிறார். மகன் இரண்டு வாரமாகப் பேசவில்லை; பேரப்பிள்ளைகள் அறைக்குள் எட்டிப் பார்ப்பதில்லை; மருமகள் ஏதோ சுடுசொல் சொல்லிவிட்டாள். நெஞ்சு கசந்து உணவு இறங்கவில்லை. அதைக் கண்டு உறவினர், “அம்மா விரதத்தில் இறங்கிவிட்டார், எவ்வளவு பெரிய உள்ளம்!” என்று கைகூப்பினால் அது எத்துணைப் பெரிய திரிபு! சிப்பியை வெள்ளி என்பதினும் கொடிய திரிபு அன்றோ? அங்கே வேண்டுவது கைகூப்புதல் அன்று. அருகில் அமர்ந்து கையைப் பற்றிக்கொள்ளுதல். “என்ன வருத்தம், சொல்லுங்கள்” என்று கேட்டல். மருத்துவரை அழைத்தல். கஞ்சியை ஆற்றித் தாமே ஊட்டுதல்.

முதியோராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. மனத்தாங்கலை விரதம் என்னும் பெயரால் மறைக்கலாகாது. ஒருவேளை உணவை ஒதுக்கும்போது நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்: “இது யாருக்குப் பாடம் கற்பிக்க?” விடையாக ஒரு முகம் மனத்தில் தோன்றுமாயின் அது நோன்பன்று, சினமே. எழுந்து சென்று உண்பதே அன்றைய அறம். வருத்தத்தை வாய்விட்டுச் சொல்வதும் அறமே.

மிகப் பெரிய மயக்கம்

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மயக்கம் உண்டு. பாலில் கலந்த நீரைப்போல உடலும் உயிரும் ஓரிடத்தே பொருந்தி ஒன்றாகவே தோன்றுகின்றன. உடல் களைத்தால் “நான் களைத்தேன்” என்கிறோம். உடலைப் பழித்தால் “என்னைப் பழித்தான்” என்கிறோம். பொன்னூர் மலையில் நாம் திருவடி வணங்கும் குந்தகுந்த ஆசாரியர் சமயசாரத்தில் வலியுறுத்துவது, இவ்விரண்டையும் வேறாக உணரும் பேத விஞ்ஞானத்தையே. அறிவும் காட்சியும் உயிரின் இயல்பு. நிறமும் சுவையும் மணமும் ஊறும் புற்கலத்தின் இயல்பு. அருகருகே வைத்து நோக்கினால் வேறுபாடு விளங்கும். இரட்டையரைப் பிரித்தறியக் கற்ற கண், ஒருநாள் இவ்விரண்டையும் பிரித்தறியும்.

ஆகவே மூன்று பழக்கங்களை இல்லந்தோறும் மேற்கொள்வோம். முதலாவது, சினம் எழுந்த வேளையில் எவரையும் பற்றித் தீர்ப்புக் கூறாதிருத்தல். இரண்டாவது, ஒத்துத் தோன்றுவதைத் துணியுமுன் ஒரு கேள்வி கேட்டல். மூன்றாவது, பிள்ளைகளை ஜினாலயத்துக்கு அழைத்துச் செல்லும்போது விரைந்து வலம்வராமல், பீடத்தின்முன் அமர்த்தி இலாஞ்சனங்களை ஒவ்வொன்றாகக் காட்டுதல். எருது, யானை, குதிரை என்று அவர்கள் மகிழ்ந்து கற்பார்கள். குனிந்து பார்க்கும் பழக்கமும் அதனோடு வரும்.

இதனை எழுதும்முன் அச்சிறுமியை மீண்டும் கண்டோம். இம்முறை அவள் பாட்டியார் பீடத்தருகே அமர்ந்திருந்தார். சிறுமி தரையில் மண்டியிட்டு விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “பாட்டி, இதோ ஆமை!” என்றாள். பாட்டியாரும் குனிந்து பார்த்தார்.

எவ்வுயிரும் இன்புறுக! அருகன் திருவறம் ஓங்குக!